ஜாகா என்றால் யார்?

சிவராத்திரி மாதத்துப் பாடத்தை இந்த முறை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக இந்த இடத்தில் லிங்கோத்பவர் கதை வரும், இல்லாவிட்டால் வேடன் கதை வரும். வேடன் வருவார், கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் நாம் தினமும் கேட்டில் பார்க்கிற ஒருவரைப் பற்றிப் பேசலாம். ஜாகா.

இங்கே வளர்ந்த யாருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஸ்கூல் ஜாகா, பேங்க் ஜாகா, கொண்டோ ஜாகா. "அப்பா என்ன வேலை செய்றாரு?" "ஜாகா வேலை." இந்தியாவிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள்தான் புரியாமல் முழிப்பார்கள், அவர்களுக்கு அது வாட்ச்மேன்.

நானும் இந்தச் சொல்லை யோசிக்காமல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசிக்க வைத்தது நானே அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்.

போன வருடம், ஃபைனல் புராஜெக்ட் சமயம். லேப்பிலிருந்து நான் வாடகைக்கு இருக்கிற அடுக்குமாடிக்குத் திரும்பும்போது விடியற்காலை 3 மணி. கார்டு ஹவுஸில் இருந்த அங்கள் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன், எழுந்திருக்கவில்லை. இறங்கிப் போய் நானே தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு, போகிற போக்கில் ஒரு படம் எடுத்து குடியிருப்பாளர் குரூப்பில் போட்டேன். கீழே மலாயில் இரண்டே சொல்: "ஜாகா திடோர்." காலையில் பார்த்தால் நிறைய தம்ஸ் அப். அடுத்த வாரம் அந்த அங்கள் இல்லை.

புதிதாக வந்தவரிடம் சும்மா கேட்டேன். அன்றைக்குப் பகல் ஷிப்ட் முடிந்து மாற்று ஆள் வரவில்லையாம். அவரே இரவு ஷிப்டையும் எடுத்துக்கொண்டாராம். காலை 7 மணியிலிருந்து கணக்குப் போட்டால், நான் படம் எடுத்தது அவருடைய 20ஆவது மணி நேரத்தில். கணக்கு எனக்கு நன்றாக வரும். அன்றைக்கு ராத்திரி அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

இது நடந்து சில மாதம் கழித்து, எங்கள் சமய வகுப்பு ஆசிரியை "சாக்கிரம்" என்ற சொல்லை அகராதியில் பார்த்து வரச் சொன்னார். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது பழகிய சொல்தான். உயிருக்கு ஐந்து அவத்தைகள் உண்டு: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். நல்ல தமிழில் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். சாக்கிரம் என்றால் விழித்திருக்கும் நிலை. மாண்டூக்ய உபநிடதம் சொல்கிற நான்கு நிலைகளில் முதலாவதும் இதுதான். (சாக்கிய நாயனாரை இங்கே இழுக்காதீர்கள். நான் இழுத்து வகுப்பில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சாக்கியர், அதாவது பௌத்தராக இருந்தவர் என்பதால் வந்த பெயர் அது.)

சாக்கிரத்தின் வேர் வடமொழியில் "ஜாக்ரு". விழித்திரு என்று பொருள். இந்த வேரிலிருந்து ஜாகரம், ஜாகரணம், ஜாக்ரத் என்று ஒரு பெரிய குடும்பமே பிறந்திருக்கிறது. வகுப்பில் ஆசிரியை அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிப் போட்டது. "இந்தச் சொல்லை நீங்க எல்லாரும் தினமும் மலாயில சொல்றீங்களே, எங்கே?"

ஜாகா!

மலாயில் ஜாகாவுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காவல் காப்பது, பார்த்துக்கொள்வது. இன்னொன்று, கவனியுங்கள், தூக்கத்திலிருந்து விழிப்பது. "டியா பெலும் ஜாகா லாகி" என்றால் அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். "பெர்ஜாகா" என்றால் இரவு கண் விழித்திருப்பது. "பெர்ஜாகா-ஜாகா" என்றால் எச்சரிக்கையாக இருப்பது. "ஜாகா டிரி" என்றால் உன்னைப் பார்த்துக்கொள். வடமொழி ஜாகரத்தின் கடைசி எழுத்து உதிர்ந்து ஜாகா ஆகியிருக்கிறது. முதற்பொருள் விழிப்பு. விழித்திருப்பவன் காவலன் ஆனது அதற்குப் பிறகு.

அப்படியானால் நான் குரூப்பில் போட்டதற்குச் சொல்லுக்குச் சொல் அர்த்தம், "விழித்திருப்பவர் தூங்குகிறார்". உலகத்தில் எவராலும் 20 மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பெயருக்குப் பொருத்தமாக இருக்க முடியாது.

மலாய்ச் சொல்லைப் பார்த்து ஆச்சரியப்படுவதற்கு முன்னால் நம் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். "ஜாக்கிரதையா போயிட்டு வா" என்று அம்மா சொல்கிறாரே, அந்த ஜாக்கிரதையும் இதே வேர்தான். சொல்லின்படி பார்த்தால் "முழிச்சுக்கிட்டே போயிட்டு வா" என்றுதான் அர்த்தம். வடமொழியில் விழிப்பு என்றிருந்த சொல் தமிழில் கவனம் ஆகிவிட்டது, மலாயில் காவலும் கவனமும் ஆகிவிட்டது. ஒரே வண்டியில் ஏறி இரண்டு ஸ்டேஷனில் இறங்கிய மாதிரி.

ஒலியை மட்டும் நம்பினால் வழி தவறும். பழைய ஆட்கள் வீட்டை, தங்கும் இடத்தை "ஜாகை" என்பார்கள். அது இந்துஸ்தானி வழியாக வந்த வேறு சொல், இடம் என்று பொருள். ஜகம், ஜகன்னாதன் என்பதில் வரும் ஜக இன்னொரு வேர், போவது, அசைவது என்ற பொருளில் வருவது. இந்த இரண்டுக்கும் நம் ஜாகாவுக்கும் உறவு கிடையாது.

சரி, விழித்திருப்பவனைக் காவலன் என்று சொல்வது நாம் மட்டும்தானா? இல்லை. ஆங்கில வாட்ச் என்ற சொல்லும் விழிப்பதைக் குறிக்கிற வேக் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அதனால் வாட்ச்மேன் என்றாலும் விழித்திருப்பவன்தான். ரோமாபுரியில் இரவுக் காவலுக்கும் தீயணைப்புக்கும் இருந்தவர்களை விகிலேஸ் என்றார்கள், லத்தீனில் அதுவும் விழித்திருப்பவர்கள் என்ற பொருள்தான். ஒன்றோடொன்று பெரிதாகப் பேசிக்கொள்ளாத இடங்களிலும் சொல் ஒரே மாதிரி அமைந்திருக்கிறது. காவல்காரனிடம் எல்லாரும் முதலில் பார்த்தது அவன் கையில் இருந்த தடியையோ உடம்பையோ அல்ல, திறந்திருந்த கண்ணை.

தமிழ் மட்டும் இங்கே வேறு பக்கம் போகிறது. நம் சொல் காவல். வேர், கா. காப்பாற்று என்பது அதன் பொருள். காப்பு, காவலன், காப்பாளர் எல்லாம் இதிலிருந்து வந்தவை. அரசனுக்கே காவலன் என்று பெயர். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம், நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் பாடுகிறோம். அதே கா தான் காத்திருத்தலிலும் இருக்கிறது. ஒருவருக்காக இடத்தை விட்டு நகராமல் இருப்பது. எனக்கு இதில் ஒரு அழகு தெரிகிறது. வடமொழிச் சொல் காவல்காரனின் கண்ணைப் பார்க்கிறது. தமிழ்ச் சொல் அவன் நகராமல் நிற்கிற காலைப் பார்க்கிறது.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நள்ளிரவில் மதுரைத் தெருவில் சுற்றும் ஊர்காப்பாளர்களைக் காட்டுகிறார். மழை கொட்டுகிற நடு யாமத்திலும் அவர்கள் ரோந்தை விடுவதில்லை. கள்வர்களின் தந்திரம் தெரிந்தவர்கள், துணிச்சல்காரர்கள் என்று அவர்களுக்கு அங்கே நல்ல பெயர். இன்றைக்கு நம் கொண்டோ நோட்டீஸ் போர்டில் ஜாகாவைப் பற்றி வருகிற வாசகங்களை ஒப்பிட்டால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

இன்னொரு செய்தி. நம் கார்டு அங்கள்மார் யூனிஃபார்மின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது? "பெங்காவால் கெசெலாமாத்தான்." இதில் காவால் என்பது தமிழ்க் காவல்தான் என்று சொல் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கடை கெடாய் ஆனது போல, கப்பல் காப்பால் ஆனது போல, காவலும் கப்பலேறி வந்திருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நாடே வீட்டுக்குள் அடைந்ததே, பிகேபி, அந்த நடுவில் இருக்கிற கே என்ன? காவாலான். நம் காவல்! ஆக மலாய்க்காரர்கள் காவல்காரரை அழைக்கும் இரண்டு பெயர்களில் ஒன்று வடமொழி, இன்னொன்று தமிழ். ஒருவர் முதுகிலேயே இத்தனை சரித்திரத்தைச் சுமந்துகொண்டு நம் காருக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்குகிறார்.

ஜாகா என்றால் நம் தாத்தா காலத்தில் மனதில் வந்த உருவம் தலைப்பாகை கட்டிய சீக்கியர். 1873இல் கேப்டன் ஸ்பீடி பேராக் லாரூட்டுக்கு வட இந்தியாவிலிருந்து ஆள் திரட்டி வந்தார். சிங்கப்பூர் போலீசில் சீக்கியர் படை 1881இல் வந்தது. போலீசில் இடம் கிடைக்காதவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வங்கி, கிடங்கு, கடை வாசலில் ஜாகாவாக நின்றார்கள். சிங்கப்பூர் புக்கிட் பிரவுனில் பழைய சீனர் கல்லறைகள் சிலவற்றின் முன்னால் சீக்கிய ஜாகா சிலை நிற்கிறது. செத்த பிறகும் காவலுக்கு அவர்தான் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். பஞ்சாபியில் ஜாக்ணா என்றால் விழிப்பது. அதனால் இங்கே வந்து இறங்கி "நீதான் ஜாகா" என்று கேட்டபோது அந்தச் சொல் அவர் காதுக்குப் பழக்கமானதாகத்தான் இருந்திருக்கும். ஒரு வேடிக்கை, அந்தக் காலத்து ஜாகாக்கள் கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். கட்டில் கதவை மறித்துக் கிடக்கும். திருடன் உள்ளே போக வேண்டுமென்றால் அவரை எழுப்பித்தான் ஆக வேண்டும். தூங்கினாலும் வேலை நடந்தது. இன்றைய கார்டு ஹவுஸில் கட்டிலுக்கு இடம் ஏது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான்.

இப்போது சிவராத்திரி. அன்று செய்ய வேண்டியவை முக்கியமாக இரண்டு: உபவாசம், ஜாகரணம். சாப்பிடாமல் இருப்பது, தூங்காமல் இருப்பது. மலாய் புவாசா, உபவாசத்திலிருந்து வந்தது. ஜாகா, ஜாகரத்திலிருந்து வந்தது. நம்முடைய ஒரு ராத்திரி விரதம் முழுவதும் பக்கத்து வீட்டு மொழிக்குள் பத்திரமாக இருக்கிறது.

இரவு நான்கு யாமம், நான்கு கால அபிஷேகம். ஒரு யாமம் சுமார் 3 மணி நேரம். நம் ஊரில் சூரியன் மறையவே 7 மணி தாண்டிவிடுவதால் இந்தியப் பஞ்சாங்க நேரத்தை அப்படியே போடக்கூடாது, கோயில் அறிவிப்பைப் பாருங்கள். யாமம் என்பதும் காவலோடு ஒட்டிய சொல்தான். பழைய ஊர்களில் யாமத்துக்கு யாமம் காவல் மாறும். சிவராத்திரி என்பதே நான்கு ஷிப்ட் உள்ள ஒரு ஜாகா வேலை என்று சொன்னால் குருக்கள் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

வேடன் கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். காட்டில் இருட்டிவிட்டது, புலிக்குப் பயந்து வில்வ மரத்தில் ஏறினான். தூங்கினால் விழுவான், விழுந்தால் புலி. தூக்கம் வராமல் இருக்க இலையைப் பறித்துக் கீழே போட்டான். கீழே லிங்கம் இருந்தது அவனுக்குத் தெரியாது. பகலில் வேட்டை கிடைக்காததால் வயிறு காலி, பயத்தால் கண்ணில் தூக்கம் இல்லை. இரண்டுமே அவன் விரும்பி எடுத்த விரதம் அல்ல. பிழைப்புக்காக விழித்திருந்தவனுடைய விழிப்பையும் சிவன் கணக்கில் எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் இந்தக் கதை கேட்டபோது "சும்மா இலை போட்டதுக்கா?" என்று தோன்றும். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இராமாயணத்திலும் ஒரு ஜாகா இருக்கிறார். கங்கைக் கரையில் இராமரும் சீதையும் புல்லில் படுத்திருக்க, இலக்குவன் வில்லை ஊன்றிக்கொண்டு இமைக்காமல் நிற்கிறான். அதைப் பரதனிடம் சொல்வது குகன், ஏனென்றால் அவனும் அன்று தூங்கவில்லை. ஏன் தூங்கவில்லை என்பதற்கு வைணவ உரையாசிரியர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். ஒரு தம்பிக்கு நாடு போனதால்தான் இராமர் காட்டில் இருக்கிறார், இந்தத் தம்பியை மட்டும் எப்படி நம்புவது என்று குகன் இலக்குவனைக் கண்காணித்தானாம். குகனின் ஆட்கள் இவர்கள் இருவரையும் நம்பாமல் வில்லோடு நின்றார்களாம். ஜாகாவுக்கு ஜாகா, அவருக்கும் ஜாகா. எல்லாம் அன்பினால் வந்த சந்தேகம்.

இலக்குவன் 14 ஆண்டுகள் தூங்கவில்லை என்றும், அவன் தூக்கத்தையும் சேர்த்து அயோத்தியில் ஊர்மிளை தூங்கினாள் என்றும் வால்மீகியில் இல்லாத ஒரு நாட்டுக் கதை உண்டு. எஞ்சினியரிங் மாணவனுக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆற்றல் அழியாது என்பது போல, ஒருவர் தூங்காவிட்டால் அந்தத் தூக்கம் காணாமல் போகாது, யாராவது அதைத் தூங்கியே தீர வேண்டும். நம் கொண்டோவில் அதைத் தூங்குவது நாம்தான்.

எங்கள் பாடத்திலும் ஒரு காவல் இருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலருக்குள் வாட்ச்டாக் டைமர் என்று ஒரு சின்ன கடிகாரம். புரோகிராம் குறிப்பிட்ட நேரத்துக்குள் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டவில்லை என்றால் புரோகிராம் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், உடனே சிஸ்டத்தை ரீசெட் செய்துவிடும். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் அடிக்கடி ரீசெட் ஆனதும் இந்த டைமரால்தான். நம் ஜாகாக்கள் இரவில் ஒவ்வொரு பிளாக்காக நடந்து போய் சுவரில் இருக்கிற பொத்தானைத் தட்டுகிறார்களே, க்ளாக்கிங், அது இதே ஏற்பாடுதான். நீ விழித்திருக்கிறாயா? தட்டு. ஒரே ஒரு வித்தியாசம். பாத்ஃபைண்டர் ரீசெட் ஆனபோது எஞ்சினியர்கள் அதைக் குப்பையில் போடவில்லை. ஒரு முக்கியமான வேலை வேறொரு சின்ன வேலைக்காகக் காத்துத் தடைபட்டு நின்றதைக் கண்டுபிடித்து, பூமியிலிருந்தே புரோகிராமைத் திருத்தினார்கள். நான் ஒரு படம் எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

கடோபநிடதத்தில் எழுந்திருக்கவும் விழிக்கவும் சொல்லும் மந்திரம் ஒன்று இருக்கிறது. விவேகானந்தர் அதை எடுத்து உலகம் முழுக்கச் சொன்னார், நம் முகாம்களில் எல்லாருக்கும் மனப்பாடம். அதில் வரும் "ஜாக்ரத" ஜாகாவின் அதே வேர். அடுத்த முகாமில் அதைச் சொல்லும்போது கேட்டில் நிற்பவர் உங்கள் நினைவுக்கு வந்தால் இந்தப் பாடம் பாஸ்.

போன சிவராத்திரிக்கு எங்கள் கோயில் கார் பார்க்கில் இரண்டு ஜாகாக்கள் இருந்தார்கள். ஒருவர் நம்மவர், ஒருவர் நேப்பாளி. இரண்டாம் காலம் முடிந்து காபி குடிக்க வெளியே வந்தபோது அந்த நேப்பாளி அண்ணன் மலாயில் கேட்டார், "சிவராத்திரிதானே?" அவர் ஊரில் அன்று இரவு முழுக்க நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருப்பார்களாம். பசுபதிநாதரைப் பற்றிச் சொன்னார். உள்ளே வந்து கும்பிட்டீர்களா என்றேன். டூட்டி என்றார். உள்ளே தூக்கத்தை ஓட்ட போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அன்று அந்த வளாகத்தில் ஒழுங்காக ஜாகரணம் இருந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான், அபிஷேகம் பார்க்காதவர்களும் அவர்கள்தான்.

அதனால் இந்த வருடம் ஒரு ஏற்பாடு. கோயில் நிர்வாகத்திடமும் அவர்கள் கம்பெனியிடமும் கேட்டுவிட்டோம், சம்மதித்துவிட்டார்கள். ஒவ்வொரு காலத்திலும் அபிஷேக நேரத்துக்கு நம் இளைஞர்கள் நான்கு பேர் கார் பார்க்கில் நிற்பார்கள். ஜாகாக்களில் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய் வருவார்கள். ரிஃப்ளெக்டிவ் அங்கியும் டார்ச்சும் கோயிலில் தருவார்கள். கறுப்புச் சட்டை வேண்டாம், கார் ஓட்டுபவர்களுக்குத் தெரியாது. முதல் காலமும் நான்காம் காலமும் ஆள் சேர்ந்துவிட்டது. இரண்டாம் காலத்துக்கு ஒருவர் தேவை. மூன்றாம் காலம்தான் கஷ்டம், நடு ராத்திரிக்கு மேல், கண் சொக்குகிற நேரம். அதில் நான் இருக்கிறேன், இன்னும் மூன்று பேர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள்.